யேல் வம்சத்தின் வேரும் பெயரற்ற 665 பேரும்

யேல் என்றதும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம். அப்பெயருக்கு உரிய எலிஹு யேல் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். பிறப்பால் அமெரிக்கக் குடியேற்றக் குடும்பத்தவர். செல்வத்தால் சோழமண்டலக் கரையின் கடனாளி. அவருடைய குலமுறையை நூற்றாண்டுகள் பின்னோக்கிச் சென்று அறிய முடிகிறது. அவர் ஆட்சியில் கப்பலேற்றப்பட்ட நம் மக்களின் ஒரு தலைமுறையைக்கூட அவ்வாறு அறிய முடிவதில்லை. இந்த வேறுபாட்டுக்குள் இருக்கும் அரசியலையே நாம் இங்குப் பேச விரும்புகிறோம்.

யேல் என்பது முதலில் ஒரு நிலப்பகுதியின் பெயர். வட வேல்ஸ் நாட்டில் ‘யால்’ என்றொரு வட்டாரம் உண்டு. அங்கு நிலம் வைத்திருந்த குடும்பம் அந்நிலத்தின் பெயரையே குலப்பெயராகச் சூடிக்கொண்டது. எலிஹுவின் பாட்டனார் இறந்தபின் பாட்டி ஆன், தியோபிலஸ் ஈட்டன் என்னும் வணிகரை மணந்தார். ஈட்டன் தம் மனைவியின் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து, நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவியோருள் ஒருவராகி, அதன் முதல் ஆளுநரும் ஆனார்.

அந்த மண் வெற்று மண்ணன்று. குவின்னிபியாக் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த இடம். 1638ஆம் ஆண்டு எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி குடியேறியோர் நிலத்தைப் பெற்றனர். பழங்குடியினருக்குத் துறைமுகத்தின் கீழ்க்கரையில் ஏறத்தாழ 1,200 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. சொந்த மண்ணிலேயே அவர்கள் ஓர் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர். ஊர், சேரி என்ற பிரிவினையை அறிந்த நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

எலிஹு 1649ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை டேவிட் யேல் வணிகர். குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்து திரும்பியது; எலிஹு அதன்பின் அமெரிக்க மண்ணை மிதிக்கவே இல்லை. 1672இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். ஆண்டுச் சம்பளம் 10 பவுண்டு. 1680இல், கோட்டை நிருவாகத்தில் உயர்பதவி வகித்து இறந்த ஜோசப் ஹின்மர்ஸ் என்பவரின் மனைவி கேதரினை மணந்தார். கோட்டைக்குள் புதிதாகக் கட்டப்பட்ட புனித மேரி ஆலயத்தில் பதிவான முதல் திருமணம் அதுவே. கைம்பெண்ணின் செல்வமும், வைர வணிகமும், கம்பெனி ஊழியர்கள் தம் கணக்கில் நடத்திய தனி வியாபாரமும் சேர்ந்து அவரைப் பெருஞ்செல்வர் ஆக்கின. 1687 ஜூலையில் அவர் கோட்டையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அதே ஆண்டுதான் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் படைகளிடம் வீழ்ந்தது. போரும் பஞ்சமும் சோழமண்டலக் கரையைச் சூறையாடின. பசித்த மக்கள் ஒருவேளை உணவுக்காகத் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றனர். அந்த ஆண்டின் ஒரே மாதத்தில் குறைந்தது 665 பேர் சென்னையிலிருந்து அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டனர். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற ஆணை பிறந்த கூட்டத்தில் யேல் அமர்ந்திருந்தார்; அவ்விதியை நடைமுறைப்படுத்தவும் செய்தார். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டோருக்குக் கசையடியோடு அடிமைத்தனத்தையும் தண்டனையாக விதித்தார்.

1688 மே மாதம் கோட்டை நிருவாகம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. யேலுக்காக வாதிடுவோர் இதனைச் சான்றாகக் காட்டுவர். புதிய ஆட்சியாளரான முகலாயரின் அதிருப்தியும், பஞ்சம் தணிந்து ஆதாயம் குறைந்ததுமே தடைக்கான பின்னணி. ஒரு சட்டத்தின் வாசகத்தை மட்டும் படித்து அதை இயற்றியவரின் மனச்சான்றை அளக்கக் கூடாது. அச்சட்டம் யாருடைய நலனுக்காக எழுந்தது என்று கேட்பதே சட்டம் பயின்றோரின் கடமை.

நிலம் பெறுவதிலும் யேல் குடும்ப மரபைத் தொடர்ந்தார். 1690இல் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடமிருந்து கம்பெனிக்காக விலைக்கு வாங்கினார். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த எல்லை வரையிலான ஊர்கள் கம்பெனிக்கு உரியவை என வரையறுக்கப்பட்டன. குண்டு கிராமங்கள் என்ற பெயர் அவ்வாறு வந்தது. அவ்வூர்களில் உழுதோரையும் அறுத்தோரையும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

தன்னலத்திற்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளின்பேரில் 1692இல் கம்பெனி அவரைப் பதவி நீக்கியது. ஏழாண்டுகள் கழித்துப் பெருஞ்செல்வத்துடன் லண்டன் திரும்பினார். 1718இல், நியூ ஹேவனில் பணமின்றித் தவித்த ஒரு கல்லூரிக்கு ஒன்பது பொதி சரக்குகளும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் ஓவியமும் அனுப்பினார். சரக்குகள் ஏறத்தாழ 562 பவுண்டுக்கு விற்றன. நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. 1721இல் லண்டனில் இறந்த அவர், முன்னோரின் வேல்ஸ் மண்ணில் ரெக்ஸ்ஹாம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் குடும்பத்தின் இன்னொரு கல்லறை நம்மிடையே உள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி, பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கரின் பெயர் தாங்கிய சட்டக் கல்லூரியின் வளாகத்தில், சிறுவனாக இறந்த யேலின் மகன் டேவிட்டும் ஹின்மர்ஸும் அடங்கிய கூர்நுனிக் கோபுரம் நிற்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பெற்ற நினைவுச் சின்னம் அது. அதனை வேறிடத்திற்கு மாற்ற 2023இல் தனி நீதிபதி உத்தரவிட்டபோது தொல்லியல் துறை மேல்முறையீடு செய்தது. ஒரு குழந்தையின் கல்லறையை நாம் வெறுக்கவில்லை. அதே கரையில் கப்பலேறிய குழந்தைகளுக்கு ஒரு நடுகல்லும் இல்லை என்பதையே சுட்டுகிறோம்.

யேலின் குடும்ப ஓவியம் ஒன்றில் கழுத்தில் உலோக வளையம் பூட்டப்பட்ட கறுப்பினச் சிறுவன் நிற்கிறான். உடனிருக்கும் பெருமக்களுக்குப் பெயர் உண்டு; அவனுக்கு இல்லை. பல்கலைக்கழகம் அவன் யாரென ஆராய்ந்தது. 2024இல் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக முறைப்படி மன்னிப்பும் கேட்டது. சென்னையில் விற்கப்பட்டோரின் வழித்தோன்றல்களை நோக்கி அத்தகைய குரல் இன்னும் எழ வேண்டும்.

இது முந்நூறு ஆண்டுப் பழங்கதை எனச் சிலர் ஒதுக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் ராயப்பன்பட்டியிலும் சுற்றூர்களிலும் பிறர் தோட்டத்தில் கூலிக்கு உழைக்கும் குடும்பங்கள் நிலவுரிமை கோரும்போது, சட்டம் அவர்களிடம் கேட்பது பாட்டனார் பெயரிலுள்ள தாளைத்தான். இந்திய அடிமை முறைக்குச் சட்ட ஏற்பை மறுத்த சட்டம் வந்தது 1843இல். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து அறிக்கை அளித்தபின் பஞ்சமி நில ஆணை வந்தது 1892இல். அதற்குமுன் பண்ணையடிமையாக இருந்தவருக்கு ஆவணம் எங்கிருந்து வரும்? வந்த ஆவணமும் பல ஊர்களில் பிறர் கைக்குப் போயிற்று. நிலம் உள்ளவனுக்கே பதிவேட்டில் பெயர். பெயர் உள்ளவனுக்கே வம்சாவளி. வம்சாவளி உள்ளவனுக்கே மீண்டும் நிலம். இந்தச் சுழலை உடைக்காமல் சமூகநீதி முழுமை பெறாது.

ஆகவே மாணவத் தோழர்களிடம் நாம் வேண்டுவது இரண்டு. கோட்டைப் பதிவேடுகளை நம் மக்களின் கண்கொண்டு படியுங்கள். உங்கள் ஊரின் ‘அ’ பதிவேட்டைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்று, பஞ்சமி என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு சர்வே எண்ணும் இன்று எவர் கையில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். நம் குலமுறையை நாமே எழுதத் தொடங்கும் இடம் அதுவே.