மாதிரியில் மெய்ம்மை கண்டவர்

புள்ளியியல் அறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்று திரும்பியவரைப் புள்ளியியல் ஈர்த்தது. 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

வங்காளத்தின் சணல் விளைபரப்பை அறிய, வயல்தோறும் சென்று கணக்கெடுப்பதே முறையெனப் பலர் கருதினர். தேர்ந்தெடுத்த சில வயல்களை அளந்தாலே போதும் என்பது மகலனோபிஸின் துணிபு. எத்தனை வயல்கள் போதும்? 1937 முதல் சிறு முன்னாய்வுகளை நடத்தி, வயலுக்கு வயல் காணும் வேறுபாட்டையும் ஆகும் செலவையும் அளந்து அவ்வெண்ணிக்கையைக் கணித்தார். பின்னாளில், முழுக் கணக்கெடுப்பைக் காட்டிலும் அவர்தம் மதிப்பீடே வணிகக் கணக்கோடு நெருங்கி நின்றது. செலவும் மிகக் குறைவு.

ஆரணியில் பட்டு நூலுக்கான இரு சாயங்களை ஒப்பிடுவதாகக் கொள்வோம். மாதிரிகள் மிகச் சிலவாயின் உண்மையான வேறுபாடும் புலப்படாது. சாயம் போகாமை, நூலின் வலிமை, பளபளப்பு எனப் பலவற்றைத் தனித்தனியே சோதித்தால், தற்செயலான வேறுபாடு ஏதேனும் ஒன்றில் மெய்போல் தோன்றும் வாய்ப்பு மிகும். ஆகவே ஒவ்வொரு சோதனையின் வரம்பையும் கடுமையாக்க வேண்டும். அதற்கேற்ப மாதிரியின் அளவும் பெருக வேண்டும். ஒன்றோடொன்று தொடர்புடைய பல பண்புகளை ஒருங்கே கொண்டு ஒப்பிடும் வழியை 1936இல் மகலனோபிஸ் வகுத்தார். அது இன்றும் மகலனோபிஸ் தொலைவு என அவர் பெயராலேயே வழங்குகிறது.

1950இல் அவர் முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கியது. 1968இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் மறைந்தார். அவர் பிறந்த நாளே இந்தியாவில் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.