அந்தோனியோ டி நெப்ரிகா

அந்தோனியோ டி நெப்ரிகா (இறப்பு: சூலை 2, 1522) எசுப்பானிய நாட்டு மொழியறிஞர், இலக்கண ஆசிரியர், அகராதியியலாளர் ஆவார். ஐரோப்பிய வட்டார மொழி ஒன்றுக்கு அச்சில் வெளிவந்த முதல் இலக்கணமான காசுத்தில்ய மொழி இலக்கணத்தை 1492 இல் இயற்றியவர் இவரே. இன்று எசுப்பானியம் எனப்படுவது அக்காசுத்தில்ய மொழியே.

வாழ்க்கை

செவில் நகருக்குத் தெற்கிலுள்ள லெப்ரிகா என்னும் ஊரில் பிறந்தார். பிறந்த ஆண்டை 1441 என்றும் 1444 என்றும் கூறுவர். இயற்பெயர் அந்தோனியோ மார்தினெசு டி காலா. சலமான்காவிலும் பின்னர் இத்தாலியின் பொலோனா நகரிலிருந்த எசுப்பானியக் கல்லூரியிலும் பயின்றார். நாடு திரும்பியபின் சலமான்காப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1481 இல் வெளியான இவரது இலத்தீன் பாடநூல் பெரும் புகழ் பெற்றது.

காசுத்தில்ய இலக்கணம்

அக்காலத்தில் இலக்கணம் என்றாலே இலத்தீன் இலக்கணம்தான். தாய்மொழியைப் பேச விதிகள் எதற்கு என்ற ஐயம் அரசி இசபெல்லாவுக்கே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. நூல் அரசிக்கே உரித்தாக்கப்பட்டு, 1492 ஆகத்து 18 அன்று வெளிவந்தது. கொலம்பசு கடற்பயணம் புறப்பட்டு 15 நாட்களே ஆகியிருந்தன. பேரரசு விரியுமிடமெல்லாம் மொழியும் உடன்செல்லும் என நெப்ரிகா முன்னுரையில் வாதிட்டபோது அமெரிக்கா பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை.

நூலின் ஐந்தாம் பகுதி காசுத்தில்யத்தைப் புதிதாகக் கற்போருக்கானது. வினைத்திரிபுகள் அதில் விரிவாகத் தரப்பட்டுள்ளன. இலத்தீனில் நான்கு வினைவகைகள் உண்டு. காசுத்தில்யத்தில் மூன்றே என நெப்ரிகா வகுத்தார். வினையெச்ச வடிவம் -ஆர், -எர், -இர் என முடிவதைக் கொண்டு அவை பிரிக்கப்படுகின்றன. இப்பகுப்பையே மாணவர்கள் இன்றும் கற்கின்றனர். எடுத்துக்காட்டாக, அன்பு செலுத்துதலைக் குறிக்கும் 'அமார்' என்னும் ஒழுங்கு வினையில் -ஆர் நீங்க எஞ்சுவது வினையடி. நிகழ்காலத்தில் அதனுடன் விகுதி சேர்ந்து தன்மை, முன்னிலை, படர்க்கை ஒருமைகளில் அமோ, அமாஸ், அமா எனவும், பன்மையில் அமாமோஸ், அமாயிஸ், அமான் எனவும் வரும். விகுதியே இடத்தையும் எண்ணையும் காட்டுவதால் எழுவாயைப் பெரும்பாலும் சொல்ல வேண்டியதில்லை. -எர், -இர் வினைகளின் விகுதிகள் தன்மைப் பன்மையிலும் முன்னிலைப் பன்மையிலும் மட்டுமே வேறுபடும்.

எதிர்கால வடிவம் வினையெச்சத்துடன் 'உடைத்தாயிரு' என்ற பொருள்தரும் துணைவினை சேர்ந்து உருவானது என்பதையும் இவர் கண்டறிந்தார். பிற்கால மொழிநூலாரும் இதனை ஏற்கின்றனர். இலத்தீன் சட்டகத்திலேயே நின்றார் என இவரைக் குறைகூறுவோர் இதனைக் கருதுவதில்லை.

எதிர்ப்புகள்

விவிலியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பிலுள்ள பிழைகளை எபிரேய, கிரேக்க மூலங்களைக் கொண்டு திருத்தலாம் என்பது நெப்ரிகாவின் கருத்து. சமயக் குருவல்லாத இலக்கண ஆசிரியர் மறைநூலைத் தொடுவது துணிச்சலாகக் கருதப்பட்டது. சமய விசாரணைத் தலைவர் தியேகோ டி தெசா இவருடைய குறிப்புகளைப் பறிமுதல் செய்தார். 1507 இல் கர்தினால் சிசுனேரோசு அப்பதவிக்கு வந்தபின் நெப்ரிகா தம் நிலைப்பாட்டை விளக்கித் தற்காப்பு நூலொன்று எழுதினார். ஆயினும் சிசுனேரோசின் பன்மொழி விவிலியப் பணியிலும் இதே கருத்து வேறுபாட்டால் விலகினார்.

1513 இல் சலமான்காவில் இலக்கணப் பேராசிரியர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். முதுமையில் அடைந்த இத்தோல்வி அவரை மிகவும் புண்படுத்தியது. அந்நகரை விட்டே நீங்கினார். சிசுனேரோசு அவரை அல்கலாப் பல்கலைக்கழகத்தில் அமர்த்தினார். விரும்பினால் மட்டும் பாடம் நடத்தலாம் எனச் சலுகையும் அளித்தார் என்பர். அங்கேயே காலமானார்.

தாக்கம்

காசுத்தில்ய இலக்கணம் அவர் வாழ்நாளில் மறுபதிப்புக் காணவில்லை. 18 ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் அச்சேறியது. இலத்தீன் பாடநூலோ பலமுறை பதிப்பிக்கப்பட்டுக் கடல் கடந்தும் சென்றது. 1547 இல் மெக்சிக்கோவில் அந்திரேசு டி ஒல்மோசு நாவாட்டில் மொழிக்கு இலக்கணம் எழுதியபோது நெப்ரிகாவின் முறையை அறிந்தே எழுதினார். அம்மொழிக்குப் பொருந்தாத இடங்களில் அதனைக் கைவிட்டார்.