சீகிரியாவைப் பிரதியெடுக்கச் செய்த பெல்

எங்கள் மாத்தளை மாவட்டத்துக்கு வெளிநாட்டவர் வருவதென்றால் பெரும்பாலும் சீகிரியாவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். நாமும் பாடசாலைச் சுற்றுலாவில் வரிசையில் ஏறி, பாறைக் குழிவுக்குள் இருக்கும் அந்தப் பெண் உருவங்களைப் பார்த்திருக்கிறோம். பின்னால் வருபவர்களுக்கு இடம்விட வேண்டும் என்பதால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் எனக்கு, அதே ஓவியங்களின் முன்னால் வாரக்கணக்கில் தூரிகையோடு இருந்த ஒருவர் உண்டு என்று அறிந்தபோது பொறாமையாகவே இருந்தது. அவரை அங்கே அனுப்பியவர்தான் எச். சி. பி. பெல்.

ஹரி சார்ள்ஸ் பேர்விஸ் பெல் 1851ஆம் ஆண்டு இந்தியாவில் ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்தார். 1873இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். அக்காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் வரி, வழக்கு, வேட்டை என்று காலம் கழித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். பெல் சிங்களம் கற்றார், கல்வெட்டுகளை வாசித்தார், கேகாலை மாவட்டத்தின் பழைமைகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். 1890இல் இலங்கையின் முதலாவது தொல்பொருளியல் ஆணையாளர் ஆனார். அனுராதபுரத்தில் காடு வெட்டித் தொடங்கிய வேலை, சில ஆண்டுகளில் சீகிரியாவுக்கும் வந்தது.

5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அரண்மனை கட்டிய குன்று அது. ஓவியங்கள் நிலத்திலிருந்து நூறு அடிக்கும் மேலே, இரண்டு குழிவுகளில் இருந்தன. அவற்றைப் படியெடுக்க முதலில் துணிந்தவர் பெல் அல்லர். 1889இல் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த அலெக்சாண்டர் மரே, பாறையில் துளையிட்டு இரும்புக் கம்பிகளைப் பதித்து மேலே ஏறி, மெல்லிய தாளில் கோடுகளை ஒற்றியெடுத்து, பஸ்டல் வர்ணம் தீட்டினார். மரேயின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெல்லுக்கு அது போதவில்லை. அவருக்கு வேண்டியது அழகான படமன்று. சுவரே இறங்கி வந்தது போன்ற ஒரு பதிவு. அக்காலப் புகைப்படத்தில் நிறம் கிடையாது. மஞ்சளும் சிவப்பும் பச்சையும் எப்படிக் கலந்திருக்கின்றன என்று காட்ட மனிதக் கைதான் வேண்டும்.

அந்தக் கை டி. ஏ. எல். பெரேராவுடையது. திணைக்களத்தின் படவரைஞரான அவர் 1896, 1897ஆம் ஆண்டுகளில் எண்ணெய் வர்ணத்தால் பிரதிகளைத் தீட்டினார். சிறிய குழிவை எட்டுவது இன்னும் கடினம். குன்றின் உச்சியிலிருந்து இறக்கிய கயிற்றில், கீழே ஒன்றுமில்லாத வெளியில் தொங்கியே அவர் அதை அணுகினார். குளவிகளுக்குப் பெயர்போன மலை வேறு! பெல்லைப் பற்றிப் பேசுவோர் பெரேராவை மறந்துவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பெல் மறக்கவில்லை. தன் அறிக்கையில் பெரேராவின் பெயரைச் சொல்லி, ஒரு கோடும் ஒரு கீறலும் விடுபடவில்லை என்று பாராட்டியிருக்கிறார்.

நான் அதிகம் யோசித்தது இந்தக் கீறலைப் பற்றித்தான். வகுப்பில் ஒரு படத்தைப் பார்த்து வரையும்போது, மூலத்தில் அழுக்கு இருந்தால் அதைத் துடைத்துவிட்டு வரைவோம். கோணலாக இருந்தால் நேராக்குவோம். சீகிரியா ஓவியனும் பிழைவிட்டவன்தான். கையை ஓரிடத்தில் வரைந்து, பிறகு மாற்றி வரைந்த தடயம் அங்கே இன்றும் தெரிகிறது. அதைத் திருத்தி வரைந்தால் படம் அழகாகும், ஆனால் 1,500 ஆண்டுகளுக்கு முந்திய அந்த மனிதனின் தடுமாற்றம் போய்விடும். எண்ணெய் வர்ணம் மினுங்கும், சாந்துச் சுவர் மினுங்காது. ஆகவே எந்தப் பிரதியும் மூலத்துக்கு முற்றிலும் ஈடாகாது. உரிந்த இடத்தை உரிந்ததாகவே வரையும் நேர்மையைத்தான் பெல் கேட்டு வாங்கினார்.

பெல்லின் எல்லா முடிவுகளும் நிலைக்கவில்லை. ஓவியங்களில் இருப்பவர்கள் மலர் ஏந்திப் பிதுரங்கல விகாரைக்குப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் அவர். ஆனந்த குமாரசுவாமி தேவமாதர் என்றார். பரணவிதான மின்னலும் மேகமும் என்றார். விளக்கங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் 1898இல் பெல் மண்ணை அகற்றி வெளிப்படுத்திய சிங்கப் பாதங்களைப் பற்றி யாருக்கும் வாதமில்லை.

1912இல் ஓய்வுபெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1879இலேயே பார்த்திருந்த மாலைதீவுக்கு 1920இலும் 1922இலும் மீண்டும் சென்றார். அங்குள்ள பௌத்த மேடுகளையும் ஆராய்ந்தார், அரபு மொழியிலான தாரீக் நூலின் துணையோடு முஸ்லிம் சுல்தான்களின் வரலாற்றையும் எழுதினார். 1937இல் கண்டியில் காலமானார். மாலைதீவு பற்றிய அவருடைய பெரிய நூல் 1940இல்தான் அச்சாகி வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

பிரதிகளுக்கும் ஆபத்து உண்டு. இந்தியாவின் அஜந்தா ஓவியங்களை ரொபர்ட் கில் பல ஆண்டுகள் உழைத்துப் பிரதியெடுத்தார். அவற்றில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் தீயில் எரிந்தன. பிறகு ஜோன் கிரிஃபித்ஸ் செய்வித்த பிரதிகளில் பலவும் 1885இல் அதே நகரில் இன்னொரு தீயில் எரிந்தன. பெரேராவின் பிரதிகள் கொழும்பு நூதனசாலையில் தப்பியிருந்தன.

தப்பாமல் போனது மூலம்தான். 1967 ஒக்டோபரில் ஓர் இரவு, யாரோ மேலே ஏறி ஓவியங்களின் மீது பச்சை வர்ணத்தை வீசினார்கள். சில இடங்களில் சாந்தையே வெட்டிப் பெயர்த்தார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி என்ற நிபுணர் வந்து, நம் நாட்டுக் கலைஞர்களோடு சேர்ந்து அந்த வர்ணத்தைப் பொறுமையாக நீக்கினார். பெயர்க்கப்பட்டதைத் திருப்பிக் கொடுக்க எவராலும் முடியவில்லை. ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு முன் அந்தச் சுவர் எப்படி இருந்தது, எந்த இடத்தில் வெடிப்பு ஓடியது, எந்த இடத்தில் நிறம் ஏற்கெனவே மங்கியிருந்தது என்பதற்குக் கொழும்பில் சாட்சி இருந்தது.