ஊமைத்துரை எனப்பட்ட குமாரசாமி



கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் வழியில் உள்ள கயத்தாற்றில்தான், 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி யாரென்று கேட்டால், நமது கரிசல் பூமியின் சிறு பிள்ளையும் ஊமைத்துரை என்று சொல்லிவிடும். அது பெற்றோர் இட்ட பெயரன்று. அவர் பெயர் குமாரசாமி.

அவருக்குத் திக்குவாய் என்று சொல்வோர் உண்டு. அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், காதும் கேளாது, வாயும் பேசாது என்று எழுதியுள்ளார். ஆங்கிலேயர் டம்பி என்றும், இந்துக்கள் ஊமை என்றும், முஸ்லிம்கள் மூகா என்றும் அழைத்ததாகவும் அவரே குறித்துள்ளார். மூன்றுக்கும் பொருள் ஒன்றே. நம்மவரும் இதில் விலக்கல்லர் என்பதை வருத்தத்துடனேயே படித்தேன்.

1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய குமாரசாமி, இடிக்கப்பட்டுக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் மீண்டும் எழுப்பினார். மார்ச் 31 அன்று அதைத் தாக்கிய கும்பெனிப் படை தோற்றுத் திரும்பியது. ஆலோசனைகளுக்கு அவரே தலைவர். இடது உள்ளங்கையில் சிறு துரும்புகளைப் பரப்புவார். அவை கும்பெனிப் படை. வலக்கையால் அவற்றை ஒரே வீச்சில் தள்ளி, வாயால் விர்ரென்று ஓசை எழுப்புவார். அதுவே தாக்குதலுக்கான உத்தரவு. முன்னணியில் செல்பவரும் பெரும்பாலும் அவரே.

மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. போர்க்களத்தில் தன் மகனைத் தேடிச் சென்ற ஒரு தாய், அவன் உயிர் பிரியும் நிலையில் கிடக்கக் கண்டாள். தன்னை விட்டுவிட்டு, அருகே காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றுமாறு அவன் வேண்டினான். சாமி என்றே சொன்னான். ஊமை என்று சொல்லவில்லை. பெண்கள் அவரைத் தூக்கிச் சென்றனர். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியால் மூடி, அம்மையில் இறந்தவர் என்று ஒப்பாரி வைத்துக் காத்தனர். பின்னர் அவர் மருது சகோதரர்களுடன் சேர்ந்து போரிட்டார். பிடிபட்டு, 1801 நவம்பர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. எனினும் ஹதீஸ் அறிவிப்பாளர்களில் அஃரஜ், அதாவது கால் ஊனமுற்றவர் என்ற பெயராலேயே அறியப்பட்ட அப்துர் ரஹ்மான் பின் ஹுர்முஸ் போன்ற பெரியார்கள் உள்ளனர். இழிவு நோக்கமின்றி, அடையாளம் காட்டுவதற்கு மட்டும் இதனை ஆலிம்கள் அனுமதித்தனர்.

இந்தச் சட்டத்தை மதரஸாவில் எளிதாகவே ஓதி முடித்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லாவில் கால் ஊனமுற்ற ஒரு பெரியவர் மவுத்தானார். அவருடைய சொந்தப் பெயரை, குடும்பத்தார் எழுதித் தந்த பிறகே நான் அறிந்தேன். அந்தப் பெயரை மட்டும் ஒலிபெருக்கியில் அறிவித்தேன். யார் மவுத் என்று ஒருவர் பின் ஒருவராகப் பள்ளிக்கு வந்து கேட்டனர். தெருவில் வழங்கிய அந்தப் பெயரையும் சேர்த்து இரண்டாம் முறை அறிவித்த பின்னரே ஜனாஸாவுக்கு ஆட்கள் வந்தனர்.