விண்ணிலிருந்து இறங்கிய மருத்துவர்

(பத்தாம் வகுப்பு)

வீரம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவன வாளும் வேலும் துப்பாக்கியுமே. போர்க்களத்தில் காயமுற்றுக் கிடப்பவரைத் தேடிச் சென்று காப்பதும் வீரமே அன்றோ? சங்க காலத்தில், புண்பட்டு மீண்ட வீரனின் இல்லத்தில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு புகைத்து, இரவெல்லாம் விழித்திருந்து காத்தனர் நம் முன்னோர். அந்தப் பணியையே தம் வாழ்வாகக் கொண்டவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ்.

ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் என்பது அவருடைய முழுப்பெயர். நமக்கு அருகிலுள்ள ஆற்காட்டின் பெயரைத் தாங்கிய அவர், மருத்துவம் பயின்று இராணுவ மருத்துவரானார். 1941-ஆம் ஆண்டு இந்தியாவில் பாராசூட் படை உருவானபோது, விமானத்திலிருந்து முதன்முதலில் குதித்த இந்தியர் இருவருள் இவரும் ஒருவர். மருத்துவர் ஏன் குதிக்க வேண்டும் என்று கேட்கலாம். வீரர்கள் இறங்கும் இடம் எதிரியின் பின்புறம். அங்கே அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுவர வழியில்லை. ஆகவே மருத்துவமனையே அவரிடம் சென்றாக வேண்டும்.

1950-ஆம் ஆண்டு கொரியாவில் போர் மூண்டது. இந்தியா சண்டையிடப் படை அனுப்பவில்லை; 60-ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்னும் மருத்துவப் பிரிவை அனுப்பியது. ஆம்புலன்ஸ் என்றதும் வண்டி என எண்ணிவிடாதீர்கள். அறுவை மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், ஸ்டிரெச்சர் சுமப்பவர் என 346 பேர் அடங்கிய நடமாடும் மருத்துவமனை அது. அதன் தலைவர் ரங்கராஜ்.

அவ்வாண்டு டிசம்பரில், கடுங்குளிரில், பியாங்யாங் நகரை விட்டுப் படைகள் பின்வாங்கின. வண்டிகள் போதவில்லை. மருத்துவப் பொருள்களை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டிய நிலை. கருவிகளை இழந்தால் அடுத்த ஊரில் யாரைக் காப்பாற்ற முடியும்? இந்திய வீரர்கள் கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி ரயில் என்ஜின் ஒன்றையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் ஊற்றி அதன் கொதிகலனை நிரப்பினர். பாலங்கள் தகர்க்கப்படும் முன்னே பொருள்களோடு தெற்கே வந்து சேர்ந்தனர்.

1951 மார்ச் 23, பெரிய வெள்ளிக்கிழமை. முன்சான் என்னுமிடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் குதித்தனர். ரங்கராஜ் தலைமையில் பன்னிரண்டு இந்தியரும் உடன் குதித்தனர். சண்டை நடந்துகொண்டிருக்கையிலேயே காயமுற்றோருக்கு அறுவை சிகிச்சை செய்து பல உயிர்களை மீட்டனர். மெரூன் நிறத் தொப்பி அணிந்த இவர்களை வானதூதர்கள் என்றே பலரும் அழைத்தனர். கொரிய நாட்டுப் பொதுமக்களுக்கும் இவர்கள் மருத்துவம் செய்தனர். 1953-இல் போர் ஓய்ந்தது. மறு ஆண்டு தாயகம் திரும்பினர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது.

பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கப் பாடுபட்டார். 1980-இல் உலகமே அந்நோயிலிருந்து விடுதலை பெற்றது. நான் பிறப்பதற்கு முன்பே, 2009-இல் அவர் மறைந்தார். 2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் போர்வீரராக அவரைத் தென்கொரியா தேர்ந்தெடுத்துச் சிறப்பித்தது. நம் ஊரில் எத்தனை பேர் அவரை அறிவோம்?

தோழியரே, ஓர் உண்மையைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலை, தேர்வாய் கண்டிகை சிப்காட் சாலையில் வேலை முடிந்து திரும்பிய ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து குருதி வழியக் கிடந்தார். நான் அஞ்சி, கூட்டத்தோடு நின்று பார்த்தேன். தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தம் துப்பட்டாவைக் கிழித்துக் காயத்தை அழுத்திக் கட்டி, 108-க்கும் சொல்லிவிட்டார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நல்ல சமாரியன் கதையில் விலகிச் சென்றவர்களை நான் எத்தனை முறை குறை கூறியிருக்கிறேன்!

இப்போது ஜூனியர் ரெட் கிராஸில் சேர்ந்து முதலுதவி கற்று வருகிறேன். விமானத்திலிருந்து குதிக்கும் துணிவு எனக்கு இல்லை. கூட்டத்திலிருந்து ஓரடி முன்னே வைக்கும் துணிவையாவது இறைவன் எனக்கும் உங்களுக்கும் அருள்வாராக!