குதிரைகளுக்காக மடி ஏந்திய மாது

போரில் வென்ற வீரனுக்குப் பதக்கம் உண்டு. மாலை மரியாதை உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் பென்ஷனும் உண்டு.

அந்த வீரனை முதுகில் சுமந்து சென்ற குதிரைக்கு என்ன உண்டு?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்டவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. அவர் பெயர் டாரதி புரூக். கையில் இருந்த ஒரு பேனாவைக் கொண்டு, அவர் ஆயிரக்கணக்கான குதிரைகளின் துயரைத் துடைத்தார்.

டாரதி 1883-ம் ஆண்டு பிறந்தவர். அவருடைய கணவர் ஜெப்ரி புரூக் குதிரைப் படைத் தளபதி. எகிப்து நாட்டில் அப்போது பிரிட்டிஷ் குதிரைப் படை ஒன்று இருந்தது. 1930-ம் ஆண்டு அதற்குத் தலைவராகத் தளபதி புரூக் நியமிக்கப்பட்டார். கணவருடன் டாரதியும் எகிப்தின் தலைநகரான கெய்ரோவுக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது 47. பேரும் பதவியும் உள்ள தளபதியின் மனைவி. விருந்து, விளையாட்டு என்று பொழுதைப் போக்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பழைய போர்க் குதிரைகளைத் தேடிப் புறப்பட்டார்.

விற்கப்பட்ட வீரர்கள்

அந்தக் குதிரைகள் எகிப்துக்கு எப்படி வந்தன?

1914-ம் ஆண்டு முதல் மகாயுத்தம் மூண்டது. பிரிட்டனில் உழவர்களின் கொட்டில்களிலிருந்தும், பணக்காரர்களின் லாயங்களிலிருந்தும் பட்டாளத்துக்குக் குதிரைகள் எடுக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூஸிலாந்திலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. அவற்றில் பல எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் அனுப்பப்பட்டன. கொளுத்தும் வெயிலில், தண்ணீர் இல்லாத பாலைவனத்தில், அவை வீரர்களைச் சுமந்தன.

1918-ம் ஆண்டு போர் முடிந்தது. வீரர்கள் வீடு திரும்பினார்கள். குதிரைகள் திரும்பவில்லை.

அவற்றைக் கப்பலில் ஏற்றிச் செல்லப் பெருஞ்செலவு ஆகும். குதிரைகளோடு நோயும் வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. ஆகவே ஆயிரக்கணக்கான குதிரைகள் எகிப்திலேயே விற்கப்பட்டன.

நேற்று வரை வேளை தவறாமல் தீவனம் தின்ற குதிரைகள், மறுநாள் கல் வண்டியிலும் பார வண்டியிலும் பூட்டப்பட்டன. ஆண்டுகள் உருண்டன. கண் தெரியாமல் போயிற்று. கால்கள் நொண்டின. வாரும் கயிறும் உராய்ந்து உடலெல்லாம் புண் ஆயிற்று. ஆனாலும் இழுக்க வேண்டிய பாரம் குறையவில்லை.

டாரதி கெய்ரோவுக்கு வந்தபோது போர் முடிந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. மிஞ்சியிருந்த குதிரைகளில் பல 20 வயதைத் தாண்டியவை. குதிரைக்கு அது கிழப்பருவம்.

முதல் குதிரை

டாரதியின் கண்ணில் பட்டது ஒரு கிழட்டுக் குதிரை. எலும்பும் தோலுமாக நின்றது. பட்டாளத்துக் குதிரைகளின் உடலில் அம்பு வடிவத்தில் சூடு போடுவது வழக்கம். எத்தனை ஆண்டு ஆனாலும் அந்த அடையாளம் அழியாது. அதைப் பார்த்தால் இது நம் படையில் இருந்த குதிரை என்று தெரிந்துவிடும்.

கிழட்டுக் குதிரைக்கு 'பில்' என்று பெயர் வைத்தார்கள். டாரதி அதை விலை கொடுத்து வாங்கினார். பிழைக்க வைக்க வழி இல்லை. கொஞ்ச நாள் நல்ல தீவனமும் ஓய்வும் கொடுத்து, பிறகு வலி தெரியாமல் அதன் உயிரைப் போக்கச் செய்தார்.

ஒரு பில் போயிற்று. அதைப் போல இன்னும் எத்தனையோ வீதியில் இருந்தன. எல்லாவற்றையும் தன் கைப்பணத்தில் வாங்க முடியுமா?

ஒரே ஒரு கடிதம்

டாரதி பேனாவை எடுத்தார். லண்டனில் வெளிவந்த 'மார்னிங் போஸ்ட்' என்ற பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். 1931-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது அச்சில் வந்தது.

அவர் யாரையும் திட்டவில்லை. தேசத்துக்காக உழைத்த குதிரைகள் வயோதிகத்தில் பசியோடும் தாகத்தோடும் களைப்போடும் வாடுவதை எடுத்துச் சொன்னார். அவற்றை வாங்கி, துன்பத்திலிருந்து விடுவிக்கப் பணம் அனுப்புங்கள் என்று வேண்டினார்.

படித்தவர்கள் மனம் உருகினார்கள். தங்கள் வீட்டிலிருந்து போன குதிரையும் அங்கே இருக்குமோ என்று எண்ணியவர்கள் எத்தனை பேரோ! பணம் வந்து குவிந்தது. இன்றைய மதிப்பில் அது சுமார் 20,000 பவுன் இருக்கும்.

பணம் வந்தால் மட்டும் போதாது. அதைச் செலவிட ஒழுங்கு வேண்டும். டாரதி ஒரு கமிட்டி அமைத்தார். குதிரைகளைக் கொண்டு வரச் செய்து, பார்த்து, விலை பேசி வாங்கினார்கள். மூன்று ஆண்டுகளில் வாங்கிய குதிரைகள் சுமார் 5,000!

மனதைக் கல்லாக்கிய வேலை

வாங்கிய குதிரைகளை என்ன செய்தார்கள்?

இங்கேதான் நம் மனம் திடுக்கிடும். பெரும்பாலானவற்றைக் கொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவு தூரம் அவை நைந்து போயிருந்தன.

காசு கொடுத்து வாங்கிக் கொல்வதா, இது என்ன ஜீவகாருண்யம் என்று நம் வீட்டுப் பாட்டிமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டாரதியின் முன்னால் இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, புண்ணோடும் பசியோடும் வண்டி இழுத்துக்கொண்டே நடுத்தெருவில் விழுந்து சாவது. இன்னொன்று, வயிறார உண்டு, மெத்தென்ற வைக்கோலில் படுத்து, வலி இல்லாமல் கண் மூடுவது.

இரண்டாவது வழியை அவர் தேர்ந்தெடுத்தார். குதிரை என்றால் உயிரை விடும் அவருக்கு, அந்த 5,000 குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கும் விடை கொடுப்பது எத்தனை பெரிய வேதனை! அந்த நாட்களைப் பற்றி அவர் நாட்குறிப்பு எழுதி வைத்தார். பின்னாளில் அது புத்தகமாகவும் வெளிவந்தது.

வண்டிக்காரனும் ஏழையே

இந்த வேலையில் டாரதி ஓர் உண்மையைக் கண்டுகொண்டார்.

குதிரையை ஓட்டியவர்களில் பலர் கொடியவர்கள் அல்ல. அவர்களும் அன்றாடங்காய்ச்சிகள். குதிரை இழுத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். குதிரைக்குக் காயம் என்றால் வைத்தியம் பார்க்கக் காசு இல்லை. ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் அன்று பிள்ளைகள் பட்டினி.

பழைய போர்க் குதிரைகள் ஒரு நாள் தீர்ந்துவிடும். ஆனால் வண்டி இழுக்கும் குதிரைகளும் பொதி சுமக்கும் கழுதைகளும் தீருமா? அவற்றுக்கும் ஏதாவது செய்ய வேண்டும். வண்டிக்காரனைத் தண்டித்து அதைச் செய்ய முடியாது. அவனுக்குக் கை கொடுத்துத்தான் செய்ய முடியும்.

1934-ம் ஆண்டு டாரதி கெய்ரோவில் ஒரு மிருக ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பழைய போர்க் குதிரைகளின் நினைவாக அதற்குப் பெயர் சூட்டினார். ஏழைகளின் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அங்கே இலவச வைத்தியம். கிழட்டுக் குதிரைகளுக்காகக் கேட்ட நன்கொடை, நிலையான தருமமாக வேர் விட்டது.

1955-ம் ஆண்டு, 72-வது வயதில், அதே கெய்ரோவில் டாரதி காலமானார்.

இன்றும் தொடரும் பணி

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. இன்று அந்த அமைப்பு 'புரூக்' என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகளில் வேலை செய்கிறது. நம் இந்தியாவில், செங்கல் சூளைகளில் பாரம் இழுக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் உதவி செய்கிறது. வைத்தியத்தோடு, குளம்பை எப்படிப் பேணுவது, புண் ஆகாமல் வாரை எப்படிப் பூட்டுவது, எப்போது தண்ணீர் காட்டுவது என்று உரிமையாளர்களுக்கும் கற்றுக் கொடுக்கிறார்கள்.

வாயில்லா ஜீவன் படும் பாட்டைப் பார்த்து உச்சுக் கொட்டாதவர்கள் யார்? உச்சுக் கொட்டிவிட்டு நாம் நம் வழியே போய்விடுகிறோம். டாரதி அப்படிப் போகவில்லை. நாலு பேரிடம் கேட்டார். கிடைத்ததை முறையாகச் செலவிட்டார். குதிரையோடு அதன் சொந்தக்காரனையும் நினைத்தார்.

அவர் விட்டுச் சென்ற ஆஸ்பத்திரிக்கு ஆரம்பம், ஒரு கிழட்டுக் குதிரையும் ஒரு கடிதமும்தான்.