சிறையில் தைத்த செருப்பு

பாரிஸ்டர் காந்தி செருப்புத் தைத்தார்!

தென் ஆப்பிரிக்காவில், 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் அவர் பழகிய தொழில் அது. துறவிகள் மடத்தில் கற்றுவந்த நண்பர் காலன்பாக்தான் ஆசிரியர். தோலைத் தொட்டாலே தீட்டு என்ற காலம்!

1913 போராட்டத்தில் காந்தியைச் சிறையில் அடைத்தது, தளபதி ஸ்மட்ஸ் அமைச்சராக இருந்த அரசு. அதே போராட்டத்தில் சிறை சென்ற வள்ளியம்மை நோயுற்று, 1914 பிப்ரவரியில் மாண்டாள். வயது 16.

சிறையில் காந்தி ஒரு ஜோடி செருப்புத் தைத்தார். யாருக்கு? ஸ்மட்சுக்கு! 1914-ல் தாயகம் புறப்படுமுன் அதைப் பரிசாகக் கொடுத்தார்.

மறு ஆண்டு, வள்ளியம்மையின் பூர்வீக ஊரான தில்லையாடிக்கு வந்தார் காந்தி. பிறகு மாயவரம். அங்கே வரவேற்புக் கூட்டத்தில் தீண்டாமையைக் கண்டித்துப் பேசினார்.

ஸ்மட்ஸ் அந்தச் செருப்பைப் பல கோடைக்காலம் அணிந்தார். 1939-ல், காந்தியின் 70-வது பிறந்த நாளுக்கு, அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அதில் கால் வைக்கத் தமக்குத் தகுதி இல்லை என்று அவருக்குத் தோன்றியதாம்.